அரசியல்வாதி மேல் முட்டை எறியலாமா? உணவு, கேலி, போராட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கோ ஒரு நாட்டில் ஓர் அரசியல்வாதியின் கோட்டில் மில்க் ஷேக் வழியும் காணொளி கைப்பேசிக்கு வந்து சேர்ந்தால் போதும், அன்று இரவே பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடை மேசைகளில் பேச்சு தொடங்கிவிடும். "இங்கேயும் இப்படி ஒன்று செய்தால் என்ன?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் தம்பி தங்கைகள். கேட்பதில் தப்பே இல்லை. கையில் பதவியும் பணமும் இல்லாதவர்களுக்குக் கேலி ஒரு பெரிய பலம். ஆனால் கோலாலம்பூரில் அதைக் கையில் எடுப்பதும் லண்டனில் எடுப்பதும் ஒன்றாகிவிடாது. பேரணிகளுக்குப் போகும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முட்டை எறிவதெல்லாம் ஒரு போராட்டமா? ரவுடித்தனம்தானே?

கோபத்தில் கைக்குக் கிடைத்ததை எறிந்தால் ரவுடித்தனம்தான். எறிந்த பொருளைப் பார்த்த மாத்திரத்தில் ஏன் எறிந்தார்கள் என்பது ஊருக்கே புரிந்துவிட்டால் அதை வேறு கணக்கில் வைக்க வேண்டும்.

ஹாங்காங்கில் முதியோருக்கு அரசு மாதாமாதம் ஓர் உதவித்தொகை தருகிறது. பழம் வாங்கக் கொடுக்கும் காசு என்றுதான் அங்கே மக்கள் அதைக் குறிப்பிடுவார்கள். 2008 அக்டோபரில் அந்தத் தொகையை உயர்த்தும்போது வருமானச் சோதனை வைக்கலாம் என்ற யோசனையை ஆட்சித் தலைவர் டொனால்ட் சாங் கொண்டுவந்தார். சட்டமன்றத்தில் அவர் கொள்கை உரை நிகழ்த்திக்கொண்டிருந்தபோது எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் வாழைப்பழத்தை எடுத்து எறிந்தார். பழக்காசுக்குப் பழம். விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. பரவலான எதிர்ப்பு எழுந்ததால் அந்த யோசனை அதே மாதத்தில் கிடப்பில் போடப்பட்டது. வாழைப்பழம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் எல்லாரும் முதியோர் உதவித்தொகையைப் பற்றிப் பேசியதில் அந்தப் பழத்துக்குப் பங்கு உண்டு.

தைவான் நாடாளுமன்றத்தில் 2020 நவம்பர் 27 அன்று எதிர்க்கட்சியினர் வாளி வாளியாகப் பன்றிக் குடலை வீசினார்கள். விவகாரம், ராக்டோபமைன் என்ற வளர்ச்சி மருந்து சேர்ந்த அமெரிக்கப் பன்றி இறைச்சியை இறக்குமதி செய்வது. பார்க்க அருவருப்பாக இருந்தாலும் பொருளும் பிரச்சினையும் ஒன்றாகவே இருந்தன.

வழக்கம் மிகப் பழையது. பிற்காலத்தில் ரோமப் பேரரசரான வெஸ்பாசியன் வட ஆப்பிரிக்காவில் ஆளுநராக இருந்தபோது, ஹத்ருமெத்தும் என்ற ஊரில் மக்கள் அவர்மேல் டர்னிப் கிழங்கை எறிந்தார்கள் என்று ரோம வரலாற்றில் குறிப்பு இருக்கிறது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய கதை அது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் முட்டையும் அழுகிய தக்காளியும் கொஞ்சம் மட்டம்தான். மலிவாகக் கிடைக்கும், மேலே பட்டால் நாறும். அதற்குமேல் அவை எதையும் சொல்வதில்லை.

முகத்தில் கேக் அப்புவது எங்கிருந்து வந்தது?

மௌனப் படக் காலத்து நகைச்சுவையிலிருந்து. அதை அரசியலுக்குக் கொண்டுவந்தவர்களில் பெயர் பெற்றவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த நோயல் கொதேன். 1969இல் தொடங்கிப் பல ஆண்டுகள், தம்மைப் பற்றி அளவுக்கு மீறி நினைத்துக்கொள்ளும் பெரிய மனிதர்களாகத் தேடிப்பிடித்து கிரீம் கேக்கை அப்பினார். 1998 பிப்ரவரி 4 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் அவருடைய கூட்டத்திடம் சிக்கியவர் பில் கேட்ஸ். உலகத்தின் பெரும் பணக்காரர் மூக்குக் கண்ணாடியிலிருந்து கிரீமைத் துடைத்துக்கொண்டு நிற்கும் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. கேட்ஸ் வழக்குத் தொடரவில்லை.

எல்லாரும் அப்படி விட்டுவிடுவதில்லை. அதே 1998இல் சான்பிரான்சிஸ்கோ மேயர் வில்லி பிரௌன் மேல் பை (pie) என்ற இனிப்புப் பண்டத்தை எறிந்த மூவருக்கு ஆறு மாதச் சிறை. 2000 ஆகஸ்டில் கனடாப் பிரதமர் ஜான் கிரெட்டியன் முகத்தில் கிரீம் பையை அப்பிய இளைஞருக்கு 30 நாள் சிறை விதிக்கப்பட்டது. இளைஞர்கள் பகிரும் காணொளிகளில் இந்தப் பகுதி வருவதில்லை. அதனால் சொல்லிவைக்கிறேன்.

எறிவாங்கியவர் என்ன செய்தால் கேலி பலிக்கும்?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை. ஆனால் மொத்த விளையாட்டும் இதில்தான் இருக்கிறது. முட்டை பறக்கும் நேரம் ஒரு நொடி. அடுத்து வரும் பத்து நொடியில் அந்த அரசியல்வாதி எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத்தான் மக்கள் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

2003இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்ற அர்னால்ட் சுவார்ஸ்நேகர் மேல் முட்டை விழுந்தது. அவர் மேல்கோட்டைக் கழற்றிவிட்டு நடந்துகொண்டே இருந்தார். பிறகு, முட்டை கொடுத்தவர் கூடவே பன்றி இறைச்சியும் கொடுத்திருக்கலாம் என்ற பொருளில் ஒரு நகைச்சுவை சொன்னார். அவ்வளவுதான், கேலி அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. 2001இல் பிரிட்டன் துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் வேல்ஸில் முட்டையடி வாங்கியபோது திரும்பி ஒரு குத்து விட்டார். துணைப் பிரதமர் தேர்தல் நேரத்தில் தெருவில் கைகலப்பு செய்தது பெரிய செய்தியாக ஓடியது. ஆனாலும் அவர் கட்சி அந்தத் தேர்தலில் வென்றது.

உக்ரைனில் 2004 செப்டம்பர் 24 அன்று நடந்தது நேர்மாறு. அதிபர் வேட்பாளர் விக்டர் யானுகோவிச் ஒரு முட்டை பட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே சாய்ந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஏதோ கனமான பொருளால் தாக்கினார்கள் என்று அவர் தரப்பு சொல்லிக்கொண்டிருக்க, தொலைக்காட்சியில் நாடே அந்த முட்டையைப் பார்த்தது. அதிகாரத்தை வைத்து மிரட்டி வந்த ஒருவர் முட்டைக்கு விழுந்தார் என்ற சிரிப்பை அவரால் பிறகு துடைக்கவே முடியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரேலியக் கதை. 1917 நவம்பர் 29. கட்டாய ராணுவ சேவைக்கு ஆதரவு தேடிச் சென்ற பிரதமர் பில்லி ஹியூஸ் மேல் குயின்ஸ்லாந்தின் வார்விக் ரயில் நிலையத்தில் முட்டை வந்து விழுந்தது. எறிந்தவரைக் கைது செய்யும்படி அங்கிருந்த மாநிலப் போலீஸ் சார்ஜண்டிடம் பிரதமர் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். ஹியூஸுக்கு வந்த கோபத்தில் நடுவண் அரசுக்கென்று தனிப் போலீஸ் படையே உருவானது. ஒரு முட்டையால் ஒரு நாட்டின் போலீஸ் அமைப்பு மாறியிருக்கிறது.

சரி, கேலி எங்கே நின்று பயம் எங்கே தொடங்குகிறது?

படும் நொடியில் அது பாலா, ஆசிட்டா என்று வாங்குபவருக்குத் தெரியாது. இதை மறந்துவிட்டு யாரும் இந்த விஷயத்தைப் பேசக் கூடாது.

நெதர்லாந்தில் 2002 மார்ச்சில் அரசியல்வாதி பிம் ஃபோர்ட்டைன் முகத்தில் கேக் அப்பினார்கள். மே 6 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டையும் செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் அவ்வளவு எளிதாக ஒருவரை நெருங்க முடிகிறது என்பதை அந்த கேக் எல்லாருக்கும் காட்டிவிட்டது. பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் 2016 ஜூனில் தம் தொகுதித் தெருவிலேயே கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு அங்கே எந்த உறுப்பினரும், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், தம்மை நோக்கிப் பறந்துவரும் பொருளைச் சிரித்துக்கொண்டு பார்க்க முடியாது. 2019 மேயில் நியூகாசிலில் அரசியல்வாதி நைஜல் ஃபராஜ் மேல் மில்க் ஷேக் ஊற்றியவருக்கு 150 மணி நேரச் சமூக சேவையும் 350 பவுன் இழப்பீடும் விதிக்கப்பட்டன. 2024இல் கிளாக்டனில் அவர்மேலேயே மறுபடி ஊற்றிய பெண்ணுக்கு, 13 வாரச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாகக் கிடைத்தது. ஐந்தாண்டில் நீதிமன்றத்தின் பொறுமை குறைந்திருப்பது தெரிகிறது.

இன்னொன்று, எறி எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைக் கேலி செய்தால்தான் அது கேலி. ஆள்பலமும் அரசு பலமும் உள்ளவர்கள் தனியாக நிற்கும் ஒருவரைச் சூழ்ந்து எதை எறிந்தாலும், அது பூவாகவே இருந்தாலும், மிரட்டல்தான்.

நம் நாட்டில் உணவை வைத்து அரசியல் எதிர்ப்பு நடந்திருக்கிறதா?

நிறைய. நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

நல்லதை முதலில் சொல்கிறேன். 2014 ஜனவரி. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரம். சில பொருள் விலை ஏறுகிறது, சில இறங்குகிறது, கங்கோங் விலை இறங்கியிருக்கிறது, அதற்கு மட்டும் ஏன் அரசைப் பாராட்டுவதில்லை என்று அப்போதைய பிரதமர் நஜிப் ஒரு நிகழ்ச்சியில் பேசினார். பெட்ரோலும் சீனியும் மின்கட்டணமும் ஏறிய வீட்டில் கங்கோங் கீரையைக் காட்டி ஆறுதல் சொன்னது மாதிரி இருந்தது. ஓரிரு நாளில் நாடு முழுக்கக் கங்கோங் பாட்டு, கங்கோங் படம், கங்கோங் நகைச்சுவை. பாசாரில் கீரை விற்கும் அம்மா முதல் பல்கலைக்கழக மாணவர் வரை, மலாய், சீனம், தமிழ் என்று எல்லா மொழியிலும் சிரித்தார்கள். வெளிநாட்டு ஊடகங்களும் எழுதின. ஒரு கீரைத் தண்டுகூட யார் மேலும் விழவில்லை. ஆனால் எந்த முட்டையும் இந்த அளவு குறி தப்பாமல் பட்டதில்லை.

கெட்டது இனி. 2012 ஏப்ரல் 28 அன்று, தூய்மையான தேர்தல் கேட்டு பெர்சே 3.0 பேரணி நடந்தது. மே மாதம், பேரணியால் வியாபாரம் கெட்டது என்று சொல்லி ஒரு வியாபாரிகள் குழு புக்கிட் டாமன்சாராவில், பெர்சே தலைவர்களில் ஒருவரான அம்பிகா சீனிவாசன் வீட்டுக்கு முன்னால் கடை போட்டு பர்கர் சுட்டு இலவசமாகக் கொடுத்தது. சில நாள் கழித்து முன்னாள் ராணுவத்தினர் சிலர் அதே வீட்டை நோக்கிப் பின்பக்கத்தைக் காட்டி உடற்பயிற்சி செய்தார்கள். அன்று அதை நகைச்சுவை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண்ணின் வீட்டு வாசலுக்குக் கூட்டமாகப் போவதில் என்ன நகைச்சுவை? நாடாளுமன்றத்துக்கு முன்னால் சுட்டிருந்தால் நானே வரிசையில் நின்று ஒரு பர்கர் வாங்கியிருப்பேன்.

2014 பிப்ரவரியில், எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் தெரேசா கோக் வெளியிட்ட ஒரு சீனப் புத்தாண்டு நையாண்டிக் காணொளிக்கு எதிர்ப்பு என்று சொல்லி ஒரு கூட்டம் கோலாலம்பூர் நடுத்தெருவில் கோழிகளை அறுத்து, அந்த ரத்தத்தை எதிர்க்கட்சித் தலைவர்களின் படங்களில் பூசியது. நையாண்டிக்கு ரத்தத்தால் பதில் சொன்னார்கள்.

அதற்கும் முன்னால் 2009 ஆகஸ்ட் 28. ஷா ஆலம் 23ஆம் பிரிவுக்கு ஒரு கோயில் மாறி வருவதை எதிர்த்தவர்கள் வெட்டிய மாட்டுத் தலையோடு மாநில அரசுச் செயலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். அதைப் பற்றி இன்று பேசினாலும் நம் வீடுகளில் பெரியவர்களுக்குக் குரல் மாறிவிடும். அதில் ஈடுபட்டவர்கள்மேல் வழக்கு நடந்தது.

அப்படியானால் இங்கே எதை எறியவே கூடாது?

மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, பூசைப் பொருள், பிரசாதம், இன்னொருவர் விரதம் இருக்கும் நேரத்தில் அவர் வாசலில் உணவு. விவாதமே வேண்டாம். நாம் கேலி செய்ய நினைப்பது ஓர் அமைச்சரை. அடிபடுவது பக்கத்து வீட்டுக்காரரின் நம்பிக்கையாக இருந்தால் எல்லாம் பாழ். மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் ஒரு பொருளை ஒருவர் பார்வையில் வைப்பதே குற்றவியல் சட்டம் 298ஆம் பிரிவின் கீழ் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வேன்.

ஒரு முட்டைக்கு அப்படி என்ன தண்டனை வந்துவிடும்?

நினைப்பதைவிட அதிகம். குற்றவியல் சட்டம் 349ஆம் பிரிவு "பலப் பிரயோகம்" எது என்று விளக்குகிறது. உடம்பில்தான் பட வேண்டும் என்பதில்லை, உடுத்திய துணியிலோ கையில் வைத்திருக்கும் பொருளிலோ ஏதாவது வந்து பட்டாலும் போதும். தண்ணீர் தெறித்து உடையில் படுவதையே சட்டம் உதாரணமாகச் சொல்கிறது. ஆகவே "சட்டையில்தானே பட்டது" என்ற வாதம் எடுபடாது.

352ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 1,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். எறிவாங்கியவர் கடமையில் இருக்கும் அரசு ஊழியர் என்றால் 353ஆம் பிரிவு வரும். அதில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அமைச்சரைக் குறிவைத்து எறிந்தது பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரர் சட்டையில் தெறிப்பதை யோசித்துப் பாருங்கள். மைக்கோ கேமராவோ கெட்டுப்போனால் 427ஆம் பிரிவு. சேதம் 25 ரிங்கிட்டைத் தாண்டினாலே அது பொருந்தும், ஐந்தாண்டு வரை சிறை உண்டு. 25 ரிங்கிட்டுக்கு இன்று என்ன மைக் கிடைக்கும்?

மென்மையான பொருளுக்கும் வழக்கு வரும். 2015 ஆகஸ்ட் 31 அன்று, பிரதமர் நஜிப் கலந்துகொண்ட நிகழ்ச்சி நடந்த கோலாலம்பூர் பெவிலியன் பேரங்காடியில் ஒரு நடனக் கலைஞர் மேல்மாடியிலிருந்து மஞ்சள் பலூன்களை மிதக்கவிட்டார். ஜனநாயகம், ஊடகச் சுதந்திரம், நீதி என்ற சொற்கள் அவற்றில் எழுதியிருந்தன. 1955ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டத்தின் 14ஆம் பிரிவில் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். உச்ச அபராதமே 100 ரிங்கிட்தான். 2016இல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவரை விடுவித்தது, அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. 100 ரிங்கிட் குற்றத்துக்கு ஒருவர் எத்தனை முறை நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது பாருங்கள். நடைமுறையில் அதுதான் பெரிய தண்டனை, அதுவும் நாள்கூலிக்கு வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு.

பிடித்துக்கொண்டு போய்விட்டால்?

ஏன் கைது என்று கேளுங்கள். குடும்பத்தாரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவில் இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாத குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் உதவும். ஓடாதீர்கள், தள்ளுமுள்ளு வேண்டாம்.

பினாங்கில் தைப்பூசத்துக்குத் தெரு நிறையத் தேங்காய் உடைக்கிறோம். சாப் கோ மே அன்று ஆரஞ்சுப் பழத்தைக் கடலில் எறிகிறார்கள். நான்கு முட்டை எறிந்தால் மட்டும் உணவு வீணாகிவிடுமா?

நல்ல கேள்வி. தண்ணீர்மலைக்குத் தேர் போகும் வழியெல்லாம் தேங்காய் மலையாகக் குவிந்து, நம்மவர்களும் சீனர்களும் சேர்ந்து உடைப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது தோன்றத்தான் செய்யும். சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் இரவு பாடாங் கோத்தா லாமா கடற்கரையில் கல்யாணமாகாத பெண்கள் நல்ல துணை வேண்டி ஆரஞ்சு எறிவதும் பினாங்கின் அழகான வழக்கம்.

அவை வேண்டுதல்கள். கடவுளுக்குக் கொடுத்ததை வீண் என்று பக்தர் நினைப்பதில்லை. அப்படியிருந்தும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம், உடைக்கும் தேங்காய்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள் என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகிறது. எனக்கும் அதே கருத்துதான். ஒரு தேங்காயில் சொல்ல முடியாத வேண்டுதல் எதுவும் நூறு தேங்காயில் இல்லை.

போராட்டத்தில் எறியும் உணவைப் பார்ப்பது கடவுள் இல்லை, சக மனிதர்கள். முட்டைக்கு அரசு கொடுத்த மானியம் 2025 மே மாதம் 10 காசிலிருந்து 5 காசாகக் குறைந்து, ஆகஸ்ட் 1 முதல் முழுவதும் எடுக்கப்பட்டது. செந்தூலில் ஏழைகளுக்கான பிபிஆர் அரசு அடுக்குமாடியில் நான்கு பிள்ளைகளை வளர்க்கும் ஓர் அம்மா முட்டையை எண்ணி எண்ணித்தான் வேக வைக்கிறார். விலைவாசியைக் கண்டித்து முப்பது முட்டைத் தட்டு ஒன்றைத் தெருவில் உடைத்தால் அவருக்கு யார்மேல் கோபம் வரும்? அவருக்காகப் போராடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளக் கூடாது. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

ஓவியத்தின்மேல் சூப் ஊற்றியவர்களைப் பற்றி?

2022 அக்டோபரில் லண்டனில் வான் கோவின் சூரியகாந்தி ஓவியத்தின்மேல் தக்காளி சூப் ஊற்றினார்கள். கண்ணாடி இருந்ததால் ஓவியம் தப்பியது, சட்டகம் சேதமானது. இருவருக்கும் 2024இல் சிறை. பருவநிலையைக் காக்க எண்ணெய் எடுப்பதை நிறுத்து என்பதுதான் அவர்கள் நோக்கம். ஆனால் சூப்புக்கும் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு என்று பெரும்பாலோருக்குப் புரியவில்லை. ஓவியத்தைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள்.

முட்டையோ பானமோ விற்ற கடைக்காரருக்குச் சிக்கல் வருமா?

சட்டப்படி வராது. ஆனால் தொல்லை வரலாம். 2019 மேயில் எடின்பரோவில் ஃபராஜ் கூட்டம் நடந்தபோது, பக்கத்தில் இருந்த மெக்டொனால்ட்ஸ் கடையிடம் அன்று மில்க் ஷேக் விற்க வேண்டாம் என்று போலீஸ் கேட்டுக்கொண்டது. நாங்கள் விற்கிறோம் என்ற பொருளில் பர்கர் கிங் போட்ட பதிவை விளம்பர ஒழுங்கு ஆணையம் பின்னர் கண்டித்தது. பெரிய நிறுவனங்கள் அதைத் தாங்கும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் செண்டோல் விற்கும் அண்ணனுக்கு உரிமம் போனால் பிழைப்பே போய்விடும். அவர் கடைப் பெயர் அச்சடித்த குவளையோடு பேரணிக்குப் போகாதீர்கள்.

எறியாமல் உணவை வைத்துப் போராட முடியுமா?

முடியும். அதுதான் நம் வழக்கமும்கூட.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். கடைசியில் செய்தது கடற்கரையில் ஒரு பிடி உப்பை அள்ளியதுதான். யார்மேலும் எறியவில்லை. ஏழை வீட்டுக் கஞ்சியில் விழும் உப்புக்கு வரி போடுகிறார்கள் என்பதை அந்தக் கைப்பிடி சொன்னது.

நம் மண்ணிலும் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அதில் இருந்தது. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் தோட்டம் தோட்டமாகக் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். 1947இல் பீடோங் பக்கம் போலீசோடு மோதல் வரை போனது. கூலியாகக் கொடுத்த காசைக் கள்ளாக ஊற்றித் திரும்ப வாங்கிக்கொள்ளும் முறையை அவர்கள் வாங்காமல் இருந்தே எதிர்த்தார்கள். பினாங்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் நடந்த இந்தக் கதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? மில்க் ஷேக் காணொளியைப் பார்ப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

கொடுப்பதும் எதிர்ப்பாகும். 2014 ஜூலையில், கோலாலம்பூர் நகர நடுவில் வீடற்றோருக்கு இலவசச் சாப்பாடு கொடுக்கும் குழுக்கள் இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்கு வெளியே போக வேண்டும் என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியது, உணவு கொடுப்பவர்கள் நிறுத்தவில்லை, அரசு இறங்கிவந்தது. பசித்தவருக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் நீட்டுவதே அந்த வாரம் அரசியல் ஆனது.

மென்மையான பொருளை நீட்டினாலும் கடுமையாக நடந்துகொள்வார்கள் என்பதும் நமக்குத் தெரியும். 2008 பிப்ரவரி 16 அன்று பிரதமருக்கு ரோஜாப்பூ கொடுக்க நாடாளுமன்றத்துக்குக் கிளம்பிய, இந்தியர் உரிமைக்காகப் போராடிய இந்துராஃப் அமைப்பின் ஆதரவாளர்கள்மேல் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்தன. பூவுக்குக் கண்ணீர்ப்புகை என்ற அந்தப் படம் யார் பக்கம் நியாயம் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டது. அன்று அவர்கள் முட்டை எறிந்திருந்தால் அந்தப் படம் நமக்குக் கிடைத்திருக்காது. மூன்று வாரத்தில் வந்த பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது.

என் மகளுக்கு 16 வயது. தோழிகளோடு பேரணிக்குப் போக வேண்டும் என்கிறாள். விடலாமா அக்கா?

2012 அமைதிப் பேரணிச் சட்டப்படி 15 வயதுக்குக் குறைந்தவர்கள் கலந்துகொள்ளக் கூடாது. 16 என்றால் போகலாம். ஏற்பாட்டாளருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், போலீசுக்கு ஐந்து நாள் முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்புக் கொடுக்கத் தவறினால் தண்டிக்கும் 9(5) பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2025 ஜூலை 1 அன்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகளோடு நீங்களும் போங்கள். போவதற்கு முன் அவள் பையைப் பாருங்கள். தண்ணீர், தொப்பி, அடையாள அட்டை, ஒரு வழக்கறிஞரின் தொலைபேசி எண் போதும். முட்டை இருந்தால் வீட்டிலேயே வேக வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

பக்கத்தில் நிற்பவர் எறியத் தொடங்கினால்?

சத்தமாக நிறுத்தச் சொல்லுங்கள், தள்ளி நில்லுங்கள், தொண்டரைக் கூப்பிடுங்கள். 2017 ஆகஸ்டில் ஷா ஆலமில் மகாதீர் பேசிய மன்றக் கூட்டத்தில் செருப்பும் பாட்டிலும் பறந்து, தீப்பந்துகள் வெடித்து, கூட்டம் சில நிமிடத்தில் கலைந்துபோனது. முதலில் பறப்பது மென்மையாக இருந்தாலும் அடுத்தவர் கையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு கட்டுக் கீரை ஏந்தி விலைவாசிப் பேரணிக்குப் போகிறோம். முடிந்ததும் கீரையை என்ன செய்வது?

காலையில் சௌகிட் சந்தையில் வாங்கினால் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள், மாலை வரை தாங்கும். கட்டில் விலைச்சீட்டைப் பெரிய எழுத்தில் கட்டிவிடுங்கள். போன வருட விலை ஒரு பக்கம், இன்றைய விலை மறுபக்கம், மூன்று மொழியிலும். படம் எடுப்பவர்களுக்கு அது போதும். தரையில் போடாதீர்கள். பெர்சே 4 முடிந்த பிறகு பங்கேற்றவர்களே குப்பை பொறுக்கித் தெருவைச் சுத்தம் செய்தார்கள், அந்தப் பெயரைக் கெடுக்கக் கூடாது. வாடாத கட்டுகளை இலவச உணவு சமைக்கும் குழுவுக்குக் கொடுக்கலாம். ஆனால் முன்கூட்டியே பேசிவையுங்கள், சனிக்கிழமை இரவில் அவர்கள் சமையலை முடித்திருப்பார்கள். கொஞ்சம் வாடியதை வீட்டுக்குக் கொண்டுபோய் பூண்டும் மிளகாயும் தட்டிப் போட்டு வதக்கிவிடுங்கள்.